மாமனாரின் எஞ்சினை நான் பழக்கிய விதம்

இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். என் மைத்துனன் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டால், மானத்தில் கால்வாசியாவது மிஞ்சும் என்று ஒரு நப்பாசை.

முதலில் என்னைப் பற்றி. எனக்குக் கைகள் இரண்டு. ஆனால் அந்தக் கைகளால் நான் எதையாவது சரிசெய்தேன் என்று சொல்ல ஒரு சாட்சி கிடையாது. கல்யாணமான புதிதில் சுவரில் ஓர் அலமாரி அடித்தேன். அலமாரி மூன்று நாள் நின்றது. சுவர் இரண்டு நாள்தான் நின்றது. அப்புறம் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். அன்றிலிருந்து சமையலறைக் குழாயைத் திறந்தால் குளியலறையில் தண்ணீர் வருகிறது. என் மனைவி வீட்டில் ஏதாவது உடைந்துபோனால் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "அத்தான் கண்ணுல படாம எடுத்து வையுங்க" என்பதுதான்.

எத்தனை நாள்தான் பொறுப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணாடி முன்னால் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றபடி ஒரு வீர சபதம் எடுத்தேன். ஒரே ஒரு வேலை. ஆரம்பம் முதல் முடிவு வரை என் கையாலேயே செய்வது. யார் உதவியும் கேட்பதில்லை. குறிப்பாக, என் மனைவியின் உதவி.

சபதம் எடுத்து நுரை காயவில்லை, டெலிபோன் அடித்தது. மைத்துனன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"அக்கா, அப்பாவோட அந்தச் சின்ன எஞ்சினை எனக்குக் குடுத்துடு. வரவேற்பறையில கண்ணாடி அலமாரி பண்ணியிருக்கேன். நடுத்தட்டுல வச்சா அழகா இருக்கும்."

"அது அழகுக்கு வைக்கிற சாமான் இல்லைடா. ஓடறதுக்குன்னு செஞ்சது."

என் மாமனார் போன வருஷம் காலமானார். வாழ்நாள் முழுக்கப் பொம்மை விமானம் செய்து பறக்கவிட்டவர். விமானங்கள் எல்லாம் மரத்திலும் வயலிலும் விழுந்து முடிந்தன. எஞ்சின்களை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டார். கடைசியாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். உள்ளே விளக்கெண்ணெய் காய்ந்து கெட்டியாகி, அசையாமல் இறுகிப்போய், எங்கள் பரணில் ஒரு தகர டப்பாவில் கிடந்தது.

"ஓடினா நான் ஏன் கேக்கறேன்?" என்றான் மைத்துனன். "உங்க வீட்டுல அதை யாரு ஓட்டப்போறா? சரி, ஒரு பேச்சு. நாலு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வர்றேன். ஓடிச்சுன்னா அது உங்க வீட்டுலயே இருக்கட்டும். ஓடலேன்னா நான் எடுத்துட்டுப் போயிடுவேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நான் பாய்ந்து டெலிபோனைப் பிடுங்கிவிட்டேன்.

"நான் ஓட்டிக் காட்டறேன் மாப்ளே!"

அந்தப் பக்கம் சிரிப்பு. நீளமான சிரிப்பு. நடுவில் நிறுத்தி யாரையோ கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, இரண்டு பேராகச் சேர்ந்து மறுபடி சிரித்தார்கள்.

நான் டெலிபோனை வைத்தேன். அவள் என்னையே பார்த்தாள். திறந்த வாயை மெதுவாக மூடினாள்.

"சரி" என்றாள்.

பதினாலு வருஷத்தில் அவளுடைய 'சரி'களில் பலவகை எனக்குப் பழக்கம். இது புது வகை.

"அப்பா தொட்ட சாமான்ல மிச்சம் அது ஒண்ணுதாங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "கண்ணாடிக்குள்ள போயிடக்கூடாது."

"போகாது. என்னை நம்பு."

"நம்பறேன்" என்று சொல்லிவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்த் தன் புடவை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

டப்பாவில் எஞ்சினோடு ஒரு பழுப்பேறிய குறிப்புத்தாளும் இருந்தது. அச்சில் இருந்தது எனக்குத் தெரியாத பாஷை. நல்லவேளையாக ஓரங்களில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. எழுத்து மட்டும் சகிக்கவில்லை.

"உங்கப்பா கையெழுத்து என்ன, கோழி கிளறின மாதிரி இருக்கு?" என்றேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "அப்படியா இருக்கு?" என்றாள். அதோடு சரி.

முதல் குறிப்பு: 'எண்ணெய் இறுகியிருந்தால் சூடு காட்டு. பலத்தைக் காட்டாதே.' என்னிடம் இல்லாததைக் காட்டாதே என்று சொன்னதால் எனக்கு மாமனார் மேல் பெரிய மரியாதை வந்தது. அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, எஞ்சினைப் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க விட்டேன். அவள் காலை வேளைகளில் நூலகத்தில் வேலை பார்ப்பவள். அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் வந்துவிட்டாள்.

"என்னங்க இது நாத்தம்?"

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"விளக்கெண்ணெய் வாசனை வருது."

"எனக்கு வயிறு சரியில்ல. கொஞ்சம் குடிக்கலாம்னு..."

"பால் பாத்திரத்துல காய்ச்சியா குடிப்பீங்க?"

"இதமா இருக்கும்னு."

அவள் அலமாரியிலிருந்து விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்தாள். ஒரு பெரிய கரண்டியில் ஊற்றினாள். "நான் வந்துட்டேனே, இனிமே நானே குடுக்கறேன்" என்றாள். பொய் சொன்ன வாய் குடித்தே தீர வேண்டியிருந்தது. மறுநாள் முழுவதும் ஆபீசில் என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

ஆனால் எஞ்சின் இளகிவிட்டது. டப்பாவில் கூடவே இருந்த விசிறி இறக்கையை மாட்டித் திருப்பினால் முனகிக்கொண்டே நகர்ந்தது. அந்த இடத்தில் புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். இரண்டாவது குறிப்பே அதுதான்: 'சுற்ற ஆரம்பித்துவிட்டால் கழற்றாதே. உள்ளே பார்க்க ஆசையாக இருக்கும். பார்க்காதே.'

எனக்கு ஆசையாக இருந்தது. பார்த்தேன்.

கழற்றுவது ரொம்பச் சுலபம். கழற்றுவதில் எனக்கு எந்தக் காலத்திலும் கஷ்டம் இருந்ததில்லை. பழைய பத்திரிகையை விரித்து ஒவ்வொன்றாக வைத்தேன். துடைத்தேன். எண்ணெய் போட்டேன். திரும்ப மாட்டினேன். மாட்டி முடித்துத் திருகாணியெல்லாம் முறுக்கின பிறகு பார்த்தால், பத்திரிகையில் இரண்டு சாமான் மிச்சம். ஒன்று கோழி எலும்பு மாதிரி ஒரு சின்னத் தண்டு. இன்னொன்று அரிசி நீளத்தில் ஓர் ஊசி.

கொஞ்ச நேரம் யோசித்தேன். இறக்கையைச் சுண்டிப் பார்த்தேன். அடடா! முன்னே முனகியது இப்போது சத்தமே இல்லாமல் சுற்றியது. ஒரு சுண்டு சுண்டினால் பத்துச் சுற்று. ஆக, அந்த இரண்டும்தான் இத்தனை நாள் தடையாக இருந்திருக்கின்றன. கம்பெனிக்காரன் உபரியாக வைத்திருப்பான் என்று முடிவு கட்டி, இரண்டையும் என் சவரப் பெட்டியில் போட்டு மூடினேன். அவளைக் கூப்பிட்டேன்.

"வந்து பாரு! எப்படிச் சுத்துது!"

அவள் ஆள்காட்டி விரலால் இறக்கையை ஒரு தடவை, மெல்ல, ஒரு முழுச் சுற்று சுற்றினாள். காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"பிரிச்சு மாட்டினீங்களா?"

"ச்சே ச்சே. வெளியில துடைச்சேன். அவ்வளவுதான்."

"ஒண்ணும் மிச்சம் இல்லையே?"

"என்ன மிச்சம்? பிரிச்சாத்தானே மிச்சம்!"

"ம். ரொம்ப லேசா சுத்துது."

"வெண்ணெய் மாதிரி இல்லே?"

"ஆமாங்க. எதையுமே தொடாம சுத்துது" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கட்டம்தான் முக்கியமானது. கழற்றி மாட்டின எஞ்சினை எடுத்த எடுப்பில் விரட்டக்கூடாதாம். பலகையில் இறுக்கி, இரண்டு நிமிஷம் மெதுவாக ஓட்ட வேண்டும். நிறுத்தி ஆறவிட வேண்டும். மறுபடி இரண்டு நிமிஷம். எண்ணெய் தாராளமாகக் குடிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். இப்படி மொத்தம் ஒரு மணி நேரம் ஓடினால்தான் உள்ளே உரசுகிற பாகங்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் பழகுமாம். இதற்குக் குறிப்பில் இருந்த பெயர் 'பழக்குவது'. ஒவ்வொரு ஓட்டத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றும் இருந்தது.

மொட்டை மாடியில் பலகையைப் போட்டு எஞ்சினை அதில் இறுக்கினேன். மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஈதரும் கலந்து எரிபொருள் தயாரித்தேன். மயக்கம் தரும் அந்த ஈதர் வாசனையில் இரண்டு தடவை உட்கார்ந்த இடத்திலேயே கொட்டாவி விட்டேன். பிறகு இறக்கையைச் சுண்டினேன். சுண்டினேன். சுண்டிக்கொண்டே இருந்தேன். அது அழகாகச் சுற்றியது, நின்றது. ஒரு இருமல் இல்லை, ஒரு தும்மல் இல்லை. நான்கு நாள் சாயங்காலம் சுண்டினேன். மின்விசிறிகூட மின்சாரம் போனால் இவ்வளவு அமைதியாக இருக்காது.

ஐந்தாம் நாள் படியேறி வந்த அவள் கேட்டாள்.

"ஓடிச்சாங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்றே எழுத்து. ஆனால் அவள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்ததும் அந்த மூன்று எழுத்தும் எனக்கு மறந்துபோயின.

"ஓடிச்சே! இப்பத்தான் நிறுத்தினேன். ரெண்டு நிமிஷம்."

"அப்படியா? சத்தமே கேக்கலையே."

"நல்லாப் பழக்கினா சத்தம் வராது."

"நோட்டுல எழுதிட்டீங்களா?"

"எழுதாம இருப்பேனா?"

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து ஆய்வுப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. போகாமலே எழுதுவது என் திறமை. மழைக்காலத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஒரே நாளில் பதினேழு தெருக்களை ஆய்வு செய்திருக்கிறேன். ஒரே பேனாவில் எழுதக்கூடாது, நேரத்தை ஐந்தும் பத்துமாக முழுசாகப் போடக்கூடாது, நடுவில் ஒரு அடித்தல் இருக்க வேண்டும், அங்கங்கே ஒரு அழுக்கு விரல்ரேகை இருக்க வேண்டும். இருபது வருஷத்து அனுபவம் முழுவதையும் அந்த நோட்டில் இறக்கினேன். 'ஓட்டம் 1: மாலை 5.43. இரண்டு நிமிஷம். சற்றே புகை.' 'ஓட்டம் 2: மாலை 5.58. புகை குறைவு. திருப்தி.' பக்கத்தின் ஓரத்தில் எண்ணெயைக்கூடத் தடவினேன்.

அவள் நோட்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"இது சமையல் எண்ணெய் வாசனை மாதிரி இருக்கே?"

"பஜ்ஜி தின்ன கையோட எழுதிட்டேன்."

"ம்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு எஞ்சினைத் தொடுவதையே விட்டுவிட்டேன். அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, தினம் சாயங்காலம் மாடியில் ஒரு மணி நேரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டு எழுதினேன். ஒருநாள் பலகையில் புதுசாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. எஞ்சின் ஏக்கத்தில் கசிகிறது என்று நினைத்துத் துடைத்தேன். இன்னொரு நாள் சவரப் பெட்டியைத் திறந்தால் எலும்பும் ஊசியும் காணோம். தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரம் சாப்பிடும்போது பார்த்தேன். அவள் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி.

"விரல்ல என்ன?"

"காய் நறுக்கும்போது பட்டுருச்சு."

மறுநாள் இரண்டு பிளாஸ்திரி. அதற்கடுத்த நாள் மூன்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பதினாலு வருஷமா காய் நறுக்கறே. இன்னும் கத்தி பிடிக்கத் தெரியலையே! ஒரு வேலைன்னு எடுத்தா கவனம் வேணும். என்னைப் பாரு. தினம் அந்த இறக்கைகிட்ட நிக்கறேன். விரல்ல ஒரு கீறல் உண்டா?"

அவள் என் விரலைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அதைத்தாங்க நானும் பார்த்துட்டே இருக்கேன்" என்றாள். "ஒரு கீறல்கூட இல்லை."

எங்கள் வீடு மாடியில். கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டர் மருத்துவமனை வைத்திருக்கிறார். ஆபீசிலிருந்து திரும்பும்போது ஒருநாள் வாசலிலேயே என்னை மறித்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் மூணு மணிக்கு உங்க மொட்டை மாடியில 'ஙொய்ய்ய்'னு ஒரு சத்தம். நாற்காலியில வாயைத் திறந்துட்டு உக்காந்திருந்த ஒரு அம்மா எழுந்து செருப்புகூடப் போடாம ஓடிட்டாங்க. நான் இன்னும் மெஷினைக் கையிலயே எடுக்கலை!"

"ஙொய்ய்ய்னா?"

"ரெண்டு நிமிஷம் அலறுது. அப்புறம் நிக்குது. உயிர் வந்துதுன்னு பேஷன்ட் வாயைத் திறந்தா, மறுபடி ரெண்டு நிமிஷம்."

பக்கத்து வீட்டில் யாரோ மாவரைக்கும் மெஷின் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் தானாக வந்த சாட்சியை யாராவது விடுவார்களா?

"மன்னிக்கணும் டாக்டர். நான்தான் அது. எஞ்சின் பழக்கறேன்."

"நீங்களா? அந்நேரம் நீங்க ஆபீஸ்ல இருப்பீங்களே?"

"நடுவுல வந்துட்டுப் போறேன்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பல் வலி தலைக்கு ஏறின கேஸைப் பார்க்கிற பார்வை. நான் துள்ளிக்கொண்டு மாடியேறினேன்.

"பல் டாக்டரே சொல்லிட்டார். சத்தம் பிரமாதமா கேக்குதாம்!"

"அப்படியா? எத்தனை மணிக்குக் கேக்குதாம்?"

"மூணு... அதாவது, சாயங்காலம்."

"பாவம், பொறுமையான மனுஷன்" என்றாள் அவள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் எல்லாம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அதுதான் உங்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம்.

நோட்டில் முப்பதாவது ஓட்டம் முடிந்தது. அறுபது நிமிஷம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மைத்துனன் வருகிறான். சனிக்கிழமை காலை தலை வாரிக்கொண்டே அவள் சொன்னாள், "நாளைக்கு அது ஓடற சத்தத்தைக் கேட்டா அப்பாவே வந்த மாதிரி இருக்கும்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஏமாற்றினது மைத்துனனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவளை அல்லவா ஏமாற்றியிருக்கிறேன்! அப்போதே காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருந்தால் நான் மனிதன். நான் என்ன செய்தேன்? சாயங்காலம் மாடிக்குப் போய் எரிபொருள் முழுவதையும் சாக்கடைக் குழாயில் கொட்டினேன். எரிபொருள் இல்லாமல் எஞ்சின் ஓடாது. ஓடாதது என் குற்றம் ஆகாது. பதிவேட்டுப் புத்தி எங்கே போகும்?

மைத்துனன் சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தான். கையில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே பஞ்சு மெத்தை. வெற்றி நிச்சயம் என்று மெத்தை விரித்துக்கொண்டே வந்திருக்கிறான். மொட்டை மாடியில் என் நோட்டைப் புரட்டினவன் அசந்துபோனான்.

"அத்தான், முப்பது ஓட்டமா! நீங்களா எழுதினீங்க?"

"பின்னே? ஆனா ஒரே ஒரு சங்கடம் மாப்ளே." எரிபொருள் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். "எரிபொருள் தீர்ந்துபோச்சு. இன்னிக்குக் கடையும் இல்லை."

முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டேன். மைத்துனன் சிரித்துக்கொண்டே பெட்டியின் மூடியைத் திறந்தான்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அவள். கீழே போனாள். வரும்போது அவள் கையில் இருமல் மருந்து பாட்டில்.

"உங்கத்தான் முதல்லயே கொஞ்சம் கூடுதலா கலந்துட்டார். வீணாப் போகக்கூடாதேன்னு எடுத்து வச்சேன்."

வேறு வழியில்லை. எப்படியும் ஓடாது, வெண்ணெய் மாதிரி சுற்றி நிற்கும், அவமானத்தோடு முடியும் என்று துணியை எடுத்தேன். எரிபொருள் ஊற்றினேன். அலட்சியமாக ஒரு சுண்டு சுண்டினேன்.

இறக்கை நகரவில்லை. சுவரைச் சுண்டினாற்போல் இருந்தது. திகைத்துப்போய் இன்னும் பலமாகச் சுண்டினேன். 'டப்' என்று ஒரு வெடி. இறக்கை திரும்பி வந்து என் விரலில் ஒன்று கொடுத்தது பாருங்கள்! "ஐயோ" என்று இரண்டடி துள்ளினேன்.

"விடுங்க. ஆபீஸ்ல கையெழுத்து போடற விரல்" என்று அவள் முன்னால் வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மேலே இருந்த திருகை கால் சுற்று திருப்பினாள். எண்ணெய்க் குழாயை ஒரு விரலால் அடைத்து இறக்கையை இரண்டு தடவை சுற்றினாள். பிறகு ஒரே ஒரு சுண்டு.

'ஙொய்ய்ய்!'

கீழே பல் டாக்டர் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது.

இறக்கை மறைந்து வெறும் வட்டமாக ஆனது. காகிதங்கள் பறந்தன. விளக்கெண்ணெய்ப் புகை மாடி முழுக்கப் பரவியது. அவள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திருகைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்தாள். அவள் விரலில் இருந்த மூன்று பிளாஸ்திரியும் எண்ணெயில் கறுத்திருந்தன. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. எலும்பும் ஊசியும் எங்கே போயின, மூணு மணிக்கு மாடியில் அலறியது எது, காய் நறுக்கிய கத்தி எது, எல்லாம். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. எங்கள் மாடி சிமென்ட், அது பிளக்கவில்லை.

எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றது. மைத்துனன் மூக்கை உறிஞ்சினான். அவன் கண்ணில் தண்ணீர்.

"அப்பா சட்டை வாசனை, இல்லக்கா?"

"ஆமாடா" என்றாள் அவள்.

"தோத்துட்டேன் அத்தான்!" என்று அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். "நீங்க பெரிய ஆளு!"

நான் அல்ல, இவள்தான் என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஏதோ, முயற்சிதான்" என்று சொன்னேன். சொன்னேன் ஐயா, இந்த வாயால்தான் சொன்னேன். அவள் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவனை வழியனுப்பப் படியிறங்கினேன். கடைசிப் படியில் நின்று, பஞ்சுப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்.

"அத்தான், முப்பது தடவை ஓட்டினவர் விரல்ல ஒரு அடிதான் தெரியுது. அதுவும் இன்னிக்கு வாங்கினது. அக்கா விரல்ல மூணு பிளாஸ்திரி. நான் ஒண்ணும் கேக்கலை."

நான் விரலைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"அந்தக் குறிப்புத்தாளை மட்டும் பத்திரமா வைங்க. ஓரத்துல பென்சில்ல எழுதினது அக்காதான். அப்ப அவளுக்குப் பன்னண்டு வயசு. வீட்டுல வர்ற எஞ்சினை எல்லாம் அவதான் பழக்குவா. அப்பா சும்மா பக்கத்துல நின்னு பார்ப்பார்."

கோழி கிளறின கையெழுத்து! பதினாலு படிகள். ஒவ்வொரு படியாக ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு பொய் ஞாபகம் வந்தது. படி தீர்ந்தும் பொய் தீரவில்லை. கொஞ்ச நேரம் வாசல் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். பிறகு சமையலறைக்குள் போனேன். அவள் பால் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்று வலி பொய். கழற்றினது நிஜம். நோட்டு முழுக்கப் பொய். பஜ்ஜி பொய். பல் டாக்டரிடம் சொன்னது பொய். எரிபொருளைக் கொட்டினது நிஜம். சொல்லச் சொல்லக் காது சுட்டது. அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக் கையைத் துடைத்தாள்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"அன்னிக்கு டெலிபோன்ல, நான் ஓட்டறேன்டான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க புடுங்கிட்டீங்க. கல்யாணமாகி முதல் தடவையா ஒரு வேலையை நீங்களா கேட்டு வாங்கினீங்க. அதைத் திரும்பப் புடுங்க எனக்கு மனசு வரலை."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் நோட்டை எடுத்துக் கொண்டுவந்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

பின்பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கு ஓடியிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் நூலகத்துத் தேதி முத்திரை.

'சவரப் பெட்டியிலிருந்து தண்டும் ஊசியும் மீட்கப்பட்டன. எஞ்சின் சரியாக மாட்டப்பட்டது.'

'ஓட்டம் 1: பிற்பகல் 3.05. இரண்டு நிமிஷம். விரலில் அடி.'

'ஓட்டம் 9: சத்தம் சீராகிறது. பல் டாக்டர் விஷயத்தில் பழியை என் கணவரே ஏற்றுக்கொண்டார். நல்ல மனசு.'

'ஓட்டம் 30: முடிந்தது. எஞ்சின் பழகிவிட்டது.'

'சனி, மாலை 5.20: எரிபொருளைக் கொட்டினார். பாதி ஏற்கெனவே இருமல் மருந்து பாட்டிலில் பத்திரம்.'

கடைசி வரி அன்றைய தேதியில் இருந்தது. மை நன்றாகக் காய்ந்திருந்தது. காலையிலேயே எழுதியிருக்கிறாள்.

'ஞாயிறு, மாலை 6.00: உண்மையைச் சொல்லுவார்.'

நான் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். ஆறு பத்து. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் 'பத்து நிமிஷம் தாமதம்' என்று எழுதி நோட்டை மூடினாள்.

"பரவாயில்லைங்க. இன்னும் கொஞ்சம் பழக்கினா நீங்களும் சரியான நேரத்துக்கு ஸ்டார்ட் ஆயிடுவீங்க."